நிலவறையில் நிற்காத விளக்கு

சச்சிதானந்தன் பீர்க் கோப்பையை இடது கையால்தான் பிடிப்பான். சாப்பிடுவது, எழுதுவது, ஸ்பானர் திருகுவது எல்லாம் வலது கை. பீர் மட்டும் இடது. பழகிய புதிதில் காரணம் கேட்டேன். "வலது கையால சத்தியம் பண்ணிப்போட்டன் மச்சான்" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்காமல் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் வழவழவென்று இருந்தது.

அவனுடைய அப்பா கனகரத்தினம் வாத்தியார் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் மதுவிலக்குச் சங்கத் தலைவர். சாயங்காலம் கள்ளுத் தவறணை வாசலில் குடையோடு போய் நின்றுகொண்டு, உள்ளே நுழைகிறவர்களுக்கு ஒவ்வொருவராக வணக்கம் சொல்வாராம். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டார். பாதிப் பேர் அந்த வணக்கத்துக்கே வெட்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். 1973 கடைசியில் சச்சி மெல்பர்னுக்குக் கப்பலேறும் முன் அவனை வைரவர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்து, அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். பிள்ளை பட்டும் படாமலும் ஒரு தட்டுத் தட்டினான். அது அணையவில்லை. "அமத்து" என்றார் அப்பா. அமர்த்தினான். நெருப்பு அணைந்தது, தோல் போனது.

அப்படிப்பட்ட சத்தியம் மெல்பர்னில் எட்டு மாதம் தாங்கியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூட வேலை செய்கிறவர்களின் கேலி பொறுக்காமல் இடது கையை நீட்டிவிட்டான். "சத்தியம் பண்ணின கை சுத்தமாத்தான் இருக்கு" என்பது அவனுடைய வாதம். நான் கும்பகோணத்து ஐயங்கார். மதுவிலக்கு மாநிலத்திலிருந்து வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டாடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவனோடு குடிக்கப் போனவன். அவனுடைய வாதத்தை மறுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

எங்களைச் சேர்த்துவைத்தது சாக்கடை. நகரத்துக் கழிவுநீர்க் குழாய்களுக்குப் படம் வரைவது என் வேலை. அந்தக் குழாய்களுக்குள் இறங்கிப் பார்ப்பது சச்சியின் வேலை. ஆறடி உயரம், நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. மேன்ஹோலில் அவன் இறங்குவதைப் பார்த்தால் குடுவைக்கு மூடி போடுவதுபோல இருக்கும். இறங்கும் முன் கயிற்றில் ஒரு கூண்டு விளக்கைக் கட்டி மெதுவாக உள்ளே விடுவான். நூறு எண்ணுவான். சுடர் நின்று எரிந்தால் இறங்குவான். சுடர் படுத்தால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடுவான். மேலதிகாரி கத்தினாலும் சரி. "விளக்குச் சொன்னால் சொன்னதுதான்" என்பான். அவனோடு வேலை செய்தவர்களில் எத்தனையோ பேர் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் அவனைப் போல விளக்கை நம்பியவனை நான் பார்த்ததில்லை.

வீட்டில் பீர் காய்ச்சினால் போலீஸ் வராது என்று சட்டம் மாறியிருந்த காலம் அது. சச்சி பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி ஒன்றைப் புதிதாக வாங்கிச் சமையலறையில் வைத்தான். டின்னில் வரும் மால்ட் பாகு, சீனி, ஹாப்ஸ், ஈஸ்ட் எல்லாவற்றையும் அதில் போட்டுத் துண்டால் மூடிப் புளிக்கவைத்தான். இட்லி மாவு பொங்குவது மாதிரி நுரை பொங்கியது. அவன் மனைவி இரஞ்சிதத்துக்கு அதன் வாசனையே ஆகாது. "இந்த மனுசன் குசினியைத் தவறணையாக்கிப்போட்டார் அண்ணை" என்று என்னிடம் முறையிடுவாள். முதல் தடவை போத்தல்களில் அடைத்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினொரு போத்தல் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கறிச்சட்டியில் கண்ணாடி விழுந்தது. அன்றைக்கு அவள் அவனோடு பேசவில்லை, என்னோடும் பேசவில்லை.

மெல்பர்னுக்கு வெளியே வெரிபீயில் அவர்கள் வீடு வாங்கியது 1976 மார்ச்சில். மரக்கறித் தோட்டம் வைத்திருந்த இத்தாலியக் குடும்பத்தின் வீடு. கணவன் இறந்து, விதவைக் கிழவி மகளோடு போய்ச் சேர்வதற்காக விற்றாள். அந்த வீட்டில் சச்சி பார்த்ததெல்லாம் ஒரே ஒரு சங்கதிதான். பின்கட்டில் தரையோடு தரையாக ஒரு கதவு, அதைத் தூக்கினால் ஒன்பது படி, படிக்குக் கீழே ஒரு நிலவறை. அவர்கள் திராட்சை மது போட்ட இடம். பன்னிரண்டடிக்குப் பத்தடி, கருங்கல் சுவர், ஜன்னல் கிடையாது. படியிறங்கியதும் எதிர்ச்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மாடக்குழி. அதில் பழைய மெழுகு வழிந்து கட்டியாகியிருந்தது.

சாவி கொடுக்க வந்த அன்றைக்குக் கிழவி எங்களை நிலவறைக் கதவருகே நிறுத்திக்கொண்டாள். பாதி ஆங்கிலம், பாதி கை. அந்த மாடத்தைக் காட்டி, எப்போதும் முதலில் அங்கே மெழுகுவர்த்தி, மெழுகுவர்த்திக்குப் பிறகுதான் மனுஷன் என்றாள். இரண்டு தடவை சொல்லிவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சச்சிக்கு மனம் நெகிழ்ந்துபோனது. "பாத்தியே, இவையும் எங்களைப் போலத்தான். விளக்கு வைச்சுக் கும்பிட்டுத்தான் வேலை துவங்குகினம்" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வீட்டைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே முக்கியமான விஷயத்தை நாங்கள் இரண்டு பேரும் பக்தி என்று எடுத்துக்கொண்டோம்.

இனிப் போத்தலே வேண்டாம், பீப்பாய்தான் என்று முடிவாயிற்று. பீர் விற்கும் பழைய ஹோட்டல் ஒன்றை இடித்துக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு லாரியோடு போனோம். ஒன்பது காலன் இரும்புப் பீப்பாய் ஒன்று, பித்தளைக் குழாய், மேஜைப்பலகை, நான்கு உயரமான முக்காலிகள். பீரைக் குழாய் வழியாகத் தள்ள, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கறுப்பு காஸ் சிலிண்டர் ஒன்று. அதன் தலையில் பழைய மூட்டு. "கொஞ்சம் கசியும்போல கிடக்கு, நூல் சுத்தினால் சரி" என்றான் சச்சி. சுற்றினான். மே மாதத்துக் கடைசி ஞாயிறு பகல், நிலவறையில் அந்தக் குழாயைத் திருகி முதல் கோப்பையை எனக்குத் தந்தான். நுரை இரண்டு விரற்கடை. சொந்த வீட்டில் சொந்தச் சரக்கு சொந்தக் குழாயில் வருவதைப் பார்த்து அந்தப் பெரிய உடம்பு ஆனந்தப்பட்டதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அந்த வியாழக்கிழமை தந்தி வந்தது. கனகரத்தினம் வாத்தியார் போய்விட்டார். போன நாள் ஞாயிறு என்று எழுதியிருந்தது.

சச்சியால் ஊருக்குப் போக முடியவில்லை. மூத்த அண்ணன் கொள்ளி வைத்துவிட்டதாக அடுத்த தந்தி. நான் போனபோது சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "குழாயைத் திறந்த நேரம் மச்சான். நான் கணக்குப் பாத்தனான். அதே நேரந்தான்" என்றான். இரண்டு ஊருக்கும் மணி வித்தியாசம் இருக்கிறதே, சரியாகப் பார்த்தாயா என்று கேட்டேன். என் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அப்பாவின் படத்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, அந்த மாடத்தில்தான் என்று பிடிவாதமாக நின்றான் சச்சி. இரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டாள். தவறணை வாசலில் நின்ற மனுஷனைத் தவறணைக்குள்ளேயே குடிவைக்கிறதா என்றாள். "அவர் பாத்துக்கொண்டு இருக்கட்டும். நான் ஒளிச்சுக் குடிக்கமாட்டன்" என்றான். அது பயமா, திமிரா, பாசமா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றும் கலந்துதான் இருந்திருக்கும். படத்துக்கு முன்னால் ஒரு சாண் உயரப் பித்தளை விளக்கு. நல்லெண்ணெய் கிடைக்காத ஊரில் இத்தாலியன் கடை ஆலிவ் எண்ணெய்.

முதல் நாள் விளக்கு எரிந்தது. இரண்டாம் நாள் எரிந்தது. ஐந்தாம் நாள் இரஞ்சிதம் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அணைந்தது.

காற்று என்றால் அந்த இடத்தில் பேருக்குக்கூடக் கிடையாது. குளிர்காலம் பிறந்துவிட்டதால் தரைக்கதவை வாரம் முழுக்க மூடியே வைத்திருந்தார்கள். மறுபடி ஏற்றினாள். சுடர் சிறுத்தது, நீலமாயிற்று, திரியை விட்டுக் கொஞ்சம் எழும்பிப் போய்விட்டது. ஊதி அணைத்தால் சுடர் சாயும். இது சாயவில்லை. யாரோ விரலால் கிள்ளி எடுத்ததுபோல இருந்தது என்று அவள் சொன்னாள். அடுத்த நாளும் அதே கதை. மாடத்துக்கு முன்னால் குந்தியிருந்தபோது தனக்கு மூச்சு வாங்கியதையும் சொன்னாள். "ஆரோ நெஞ்சில காலை வைச்சு அமத்தின மாதிரிக் கிடந்தது. எழும்பி நிண்டவுடன விட்டுப்போட்டுது அண்ணை." அமத்தின என்ற சொல்லைக் கேட்டதும் சச்சி என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு இரஞ்சிதம் நிலவறைக்கு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்தேன். முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கோப்பை குடித்திருப்போம். சச்சி முக்காலியை விட்டு இறங்கிப் போய் விளக்கை ஏற்றினான். நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க, சுடர் நீலமாகிப் பறந்தது. வாத்தியாரின் முகம் இருட்டுக்குள் போயிற்று. நான் கைக்குட்டையை எடுக்கப் போய்க் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டேன். தேடக் குனிந்தால் மூக்கில் சுரீர் என்று ஏறியது. சோடாவை அவசரமாகக் குடித்தால் ஏறுமே, அந்தச் சுரீர். தலை சுற்றியது. எழுந்து நின்றதும் தெளிந்தது. வயதாகிறது, இரண்டு கோப்பைக்கே இப்படி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் தலைவலி மண்டையைப் பிளந்தது. வீட்டில் கேட்டால் சீட்டில் தோற்றேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

பூனை செத்தது மூன்றாவது வாரம். வீட்டோடு வந்த சாம்பல் நிறப் பூனை. எலி பிடிக்க நிலவறைக்குள் போயிருந்தது, தெரியாமல் கதவை மூடிவிட்டார்கள். மறுநாள் மேஜைக்கு அடியில் படுத்துக் கிடந்தது. காயம் இல்லை, நுரை இல்லை, தூங்குவதுபோலவே இருந்தது. சச்சி அதைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, எனக்கு வேலையிடத்துக்குப் போன் பண்ணினான். "அப்பா துவங்கிட்டார் மச்சான்" என்றான். நான் திட்டினேன். உன் அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு ஈயைக்கூட அடித்திருக்க மாட்டார், செத்த பிறகா பூனையைக் கொல்லப்போகிறார் என்று கத்தினேன். கத்தினேனே ஒழிய, ரிசீவரை வைத்த பிறகு வரைந்துகொண்டிருந்த படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தியேட்டி; முப்பத்தோராம் நாள் சடங்கு, வேலை நாளில் விழுந்ததால் ஞாயிறே வைத்துக்கொண்டார்கள். சச்சி குடிப்பதை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது; ஆனால் பீப்பாயும் சிலிண்டரும் இருந்த இடத்திலேயே இருந்தன. இரஞ்சிதம் விடியற்காலையிலிருந்து மரக்கறி சமைத்து வாழையிலைக்குப் பதில் பெரிய தட்டில் படையல் போட்டிருந்தாள். பதினொரு மணிக்கு நான் போனேன். சச்சி குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசி நின்றான். மெலிந்தாற்போல இருந்தான்.

"நான் கீழ போய்க் கதவைச் சாத்திப்போட்டு அவருக்கு முன்னால இருக்கப்போறன். விளக்கு நிக்கிறமட்டும் எழும்பமாட்டன்" என்றான். "நிண்டா அவர் மன்னிச்சிட்டார். நிக்காட்டி, அதுக்குப் பிறகு நான் இருந்து என்ன?"

"பைத்தியமாடா உனக்கு? மேல வெச்சு ஏத்து, கும்பிடு, சாப்பிடு. பெருமாள் பொதுவா எல்லா மாடியிலயும்தான் இருக்கார்" என்றேன்.

"இது பெருமாள் விசயம் இல்லை. நெருப்பை அமத்தி நூத்துச் சத்தியம் பண்ணினனான். அவர் இப்ப நெருப்பை நூத்து நூத்துக் கேக்கிறார். நான் போய்ப் பதில் சொல்ல வேணும்."

இரஞ்சிதம் அழுதாள். நான் என்ன செய்தேன்? அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த மனுஷனைப் பிடித்து நிறுத்தாமல், விளக்கை எடுத்துத் துடைத்துப் புதுத் திரி போட்டு, குழி நிறைய எண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் எரியக்கூடிய எண்ணெய். ஒழுங்காக எண்ணெய் ஊற்றினால் ஒழுங்காக எரியும், அவனுக்கும் நிம்மதி என்று கணக்குப் போட்டேன். படித்தவன் கணக்கு.

அவன் இறங்கினான். மின்விளக்கை அணைத்தான். தரைக்கதவு மூடியது. நானும் இரஞ்சிதமும் கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தோம். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி. இரண்டாவது உரசல். மறுபடி இடைவெளி. மூன்றாவது. அதற்குப் பிறகு உரசல் இல்லை. சச்சி நின்றபடி பதிகம் பாடத் தொடங்கினான். நல்ல குரல் அவனுக்கு. இரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிண்டிட்டுது அண்ணை, விளக்கு நிண்டிட்டுது" என்றாள். இருபது நிமிஷம் போல மேலே நின்ற குரல் பிறகு தாழ்ந்தது. உட்கார்ந்துவிட்டான் என்று புரிந்தது. இரண்டு அடி பாடினான். மூன்றாவது அடியில் பாதிச் சொல்லில் நின்றது.

நாங்கள் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. "இஞ்சேருங்கோ" என்று அவள் கதவில் தட்டினாள். நான் கதவைத் தூக்கினேன். உள்ளே ஒரே இருட்டு. விளக்கு இல்லை. மூக்கில் அதே சோடாச் சுரீர், இந்தத் தடவை நாலு படி இறங்கும்போதே. மின்விளக்குச் சுவிட்ச் கீழே, எட்டவில்லை. வெளிச்சம், வெளிச்சம் என்று கத்தினேன். இரஞ்சிதம் ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வந்து தந்தாள். மறுநாள் வேலைக்காக வராந்தாவில் மாட்டியிருந்த சச்சியின் கூண்டு விளக்கு.

அதைக் கையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஐந்தாம் படியில் சுடர் நீலமாயிற்று. ஆறாம் படியில் எழும்பிப் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிலிண்டர், நூல் சுற்றிய மூட்டு, மூடிய கதவு, செத்த பூனை, கிழவியின் மெழுகுவர்த்தி எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. உயரமான முக்காலியில் உட்கார்ந்ததால்தான் நாங்கள் அத்தனை வாரம் பிழைத்திருந்தோம். காற்றைவிடக் கனத்த கரியமில வாயு அடியில் குளம்போலத் தேங்கி நின்றது. அந்தக் குளத்துக்குள் சச்சி கிடந்தான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்தேன். நான் ஒல்லிக்குச்சி, ஐம்பத்தெட்டு கிலோ. அவன் நூறு. முதல் இரண்டு படிக்கு உயிர் போனது. மூச்சு விட்டுவிட்டேன், கண் இருட்டியது, இவனோடு நானும் இங்கேதான் என்று தெளிவாக நினைத்தேன். அதற்குப் பிறகு பாரம் குறைந்தது. ஒரு பக்கம் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி லேசாகி, ஏழு படியும் கடகடவென்று ஏறி வெளியே புல்லில் வந்து விழுந்தோம். இரஞ்சிதம் இல்லாவிட்டால் அன்றைக்கு இரண்டு பிணம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துத் தோட்டக்காரர் வேலி தாண்டி ஓடிவந்தார். சச்சி இருமினான், வாந்தி எடுத்தான், மூச்சு வந்தது. நான் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. நினைவு தெளிந்ததும் அவன் என்னிடம் சொன்ன முதல் பேச்சு இதுதான். "மூண்டாவது குச்சிக்குப் பத்திச்சுது மச்சான். பிறகு நூரவேயில்லை. கடைசிமட்டும் எரிஞ்சுகொண்டு இருந்தது. அப்பா பக்கத்தில இருந்தவர்." அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குணமானதும் திரும்பவும் கீழே போய் அவரோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்றான்.

வாயுவைப் பற்றி விளக்கினேன். ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை. சிலிண்டரை எடுத்துவிட்டால் போயிற்று என்றான். ஆனால் அது எனக்குப் போதவில்லை. செத்த அப்பாவைப் பார்க்கப் போகும் வழி தெரிந்துவிட்டது என்று நினைக்கிறவனை எந்தச் சிலிண்டரை எடுத்துத் தடுப்பது? அதனால் அவனுடைய பாஷையிலேயே பேசினேன்.

"விளக்கு எரியவே இல்லைடா. நான் பார்த்தேன். எண்ணெய் ஊத்தினபடி அப்படியே இருந்தது. உனக்கு மயக்கத்துல எரிஞ்சாப்ல தெரிஞ்சிருக்கு. மேன்ஹோல்ல விளக்கு அணைஞ்சா நீ என்ன பண்ணுவே?"

"மேல ஏறுவன்."

"வீட்டுல அணைஞ்சா மட்டும் ஏன் மண்டி போட்டே? ஒரு மாசமா அவர் 'மேல ஏறு, மேல ஏறு'ன்னுதானே சொல்லிண்டிருந்தார்? அது கோபமாடா?"

அவனுடைய நிம்மதி போய்விட்டது, முகம் வாடிவிட்டது. ஆனால் மறுபடி கீழே போகிறேன் என்று சொல்லவில்லை. பீப்பாயை விற்றான், சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தான், கதவுக்குப் பூட்டுப் போட்டான். சொட்டுகூடக் குடிக்கவில்லை. அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரஞ்சிதம் எழுந்து போய்விடுவாள், நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் சச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்பான். "சடகோபன், நீதானே கடைசியா விளக்கை எடுத்தனீ. எண்ணெய் இருந்ததோ?"

"நிறைய இருந்தது" என்பேன்.

அது பொய். அன்றைக்குச் சாயங்காலம் கதவையெல்லாம் திறந்துபோட்டுக் காற்று மாறிய பிறகு, விளக்கை எடுக்க நான்தான் இறங்கினேன். மாடத்தில் நேராக நின்றுகொண்டிருந்தது. சிந்தவில்லை, மாடம் காய்ந்து கிடந்தது. குழியில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. திரி அடிவரை எரிந்து கரியாகியிருந்தது. நாலு மணி நேர எண்ணெய். அவன் கீழே இருந்தது அரை மணி. அதுவும் எந்தச் சுடரும் நிற்க முடியாத இடத்தில். நான் அந்தக் கரியைத் தோட்டத்துக் குழாயில் கழுவிவிட்டு, புதுத் திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, வாத்தியார் படத்தோடு சமையலறையில் வைத்தேன். அவன் உயிரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன். ஆனால் அவன் அப்பா கொடுத்துவிட்டுப் போன மன்னிப்பை மூன்று வருஷம் என் பையில் ஒளித்துவைத்திருந்தேன்.

இந்த வருஷம், 1979 ஆகஸ்டில், சச்சி அந்த நிலவறையை மூடுவது என்று முடிவு செய்தான். இரண்டு லாரிக் கல்லும் மண்ணும் வந்திறங்கின. சனிக்கிழமை காலையிலிருந்து மூன்று பேரும் அள்ளிக் கொட்டினோம். மாடம் மூடியது, படிகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசிப் படியும் மறைந்து, இனி யாரும் அங்கே இறங்க முடியாது என்று ஆனபிறகு, நான் மண்வெட்டியை வைத்துவிட்டு அவனிடம் சொன்னேன். எண்ணெய் இல்லை, திரி அடிவரைக்கும் எரிந்திருந்தது என்றேன்.

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கல் குவியலின்மேல் உட்கார்ந்து வலது உள்ளங்கையைப் பார்த்தான். "அடிமட்டுமோ?" என்றான். "அடிமட்டும்" என்றேன். வாய்விட்டு அழுதான். இரஞ்சிதம் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள், அவளும் அழுதாள். பிறகு எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டான். எனக்கு விலா எலும்பு நொறுங்கியது.

கனம் குறையட்டும் என்று நான் வழக்கம்போல வாயைக் கொடுத்தேன். "எல்லாம் சரி, விளக்கை எரிச்சது வேணும்னா உங்க அப்பாவா இருக்கட்டும். ஆனா உன் நூறு கிலோவைத் தூக்கினது நானும் இரஞ்சிதமும்தான். அந்தப் புண்ணியத்தை அவர் கணக்குல எழுதாதே" என்றேன்.

இரஞ்சிதம் முந்தானையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் எங்க அண்ணை தூக்கினனான்? உங்களிட்டை லாம்பைத் தந்தவுடன நான் வேலியடிக்கு ஓடிட்டனே, அந்த மனுசனைக் கூப்பிட. நாங்கள் ரெண்டு பேரும் திரும்பி வரேக்கை நீங்கள் ரெண்டு பேரும் புல்லில கிடந்தனீங்கள்."

சச்சி என் தோளிலிருந்து கையை எடுக்காமல் மூடிய குழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இடது பக்கமோ, வலது பக்கமோ அவர் பிடிச்சவர்?" என்று மெதுவாகக் கேட்டான்.

வலது பக்கம் என்று சொன்னேன்.